குழாயடிக் கேள்விகள்: உப்புக்கறை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உப்புத் தண்ணீர்ப் புகார்தான். கோடையில் போர் தண்ணீர் கீழே இறங்கினால் இப்படித்தான் ஆகும். அதனால் ஒழுகும் சின்டெக்ஸையும் அடைத்துக்கொண்ட சிங்கையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த ஒரு விஷயத்தையே பிடித்துக்கொள்கிறேன். சானிட்டரி கடைக்காரி என்பதால் "எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்" என்று சொல்வேன் என எதிர்பார்க்க வேண்டாம். இந்த மாதப் பதில்களில் பெரும்பாலானவை என் கல்லாவுக்கு நஷ்டம்.

கே: வீடு கட்டி ஒன்றரை வருடம்தான் ஆகிறது, அக்கா. குரோம் குழாயெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. கம்பி நார் போட்டுத் தேய்த்தால் போகிறது. ஆனால் சீக்கிரமே முன்னைவிட அதிகமாகப் படிகிறது. குழாய் மட்டமான சரக்கா?
(வாசகி, சரவணம்பட்டி)

ப: பாவம் ஓரிடம், பழி ஓரிடம். குழாயைத் திட்டாதீர்கள்.

"சுண்ணாம்பு அடித்த மாதிரி" என்றீர்கள். மாதிரி என்ன, கிட்டத்தட்ட அதேதான். மண்ணுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் அங்கிருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறுகிறது. போகிற வழியில் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு உங்கள் போருக்கு வந்து சேர்கிறது. மேலே வந்து சூடானாலோ, குழாயின் மேல் சொட்டாக நின்று உலர்ந்தாலோ அந்த வாயு வெளியேறிவிடும். கரைந்திருந்தது திரும்பக் கல்லாகிவிடும். மதுக்கரையில் சிமென்ட்டுக்காக வெட்டிய கல்லிலும் உங்கள் குழாயில் உட்கார்ந்திருப்பதிலும் முக்கியச் சரக்கு ஒன்றுதான்: கால்சியம் கார்பனேட். சிறுவாணித் தண்ணீர் மட்டுமே வருகிற வீட்டில் இதே குழாயை மாட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கம்பி நாரை இன்றே தூக்கிப் போடுங்கள். குரோம் பூச்சு தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. நார் அதில் கீறல் போடும். கீறலில் தண்ணீர் தங்கும், தங்கிய இடத்தில் உப்பு பிடிக்கும். முன்னைவிட அதிகமாகப் படிகிறது என்கிறீர்களே, காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கேளுங்கள். சிட்ரிக் ஆசிட் என்றும் சொல்வார்கள், சர்க்கரை மாதிரி வெள்ளைப் பரல். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் கரையுங்கள். பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, உலராமல் இருக்க மேலே ஒரு பாலித்தீன் கவரைப் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். அரை மணி நேரம் போதும். அவிழ்த்துவிட்டு, பழைய டூத் பிரஷால் இடுக்குகளைத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்ந்த துணியால் துடையுங்கள். கெட்டியாக இருந்தால் அடுத்த நாள் இன்னொரு முறை செய்யலாம். ஒரேயடியாக ராத்திரி முழுக்கக் கட்டி வைக்காதீர்கள், பூச்சு மங்கும். தங்க நிறம், கறுப்பு நிறக் குழாய் என்றால் முதலில் பின்பக்கமாக ஒரு சின்ன இடத்தில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள்.

வினிகரும் வேலை செய்யும். கடையில் விற்பதில் நூற்றுக்கு 4, 5 பங்குதான் அமிலம். எலுமிச்சை உப்பு மலிவு, வாசனையும் தொந்தரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கல் உருவாவது சொட்டு உலரும்போது. உலரவே விடாவிட்டால்? கடைசியாகக் குளிப்பவர் ஒரு துண்டுத் துணியால் குழாய்களைத் துடைத்து, சுவரை ரப்பர் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வந்தால், மேலே சொன்ன வைத்தியம் மாதத்துக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாது. கடைசியாகக் குளிப்பது பெரும்பாலும் வீட்டு அம்மாதான் என்பது எனக்கும் தெரியும். முறை வைத்துக்கொள்ளுங்கள்.

கே: பாத்ரூம் கழுவ வந்த ஆள் ஆசிட் ஊற்றினார். கறை போனது உண்மைதான். கூடவே மொசைக் தரையின் பளபளப்பும் போய்விட்டது. டைல்ஸ் இடுக்கில் இருந்த சிமென்ட்டும் பொடிப்பொடியாக உதிர்கிறது. இனி என்ன செய்வது?
(வாசகர், திருப்பூர்)

ப: அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்புக் கல்லைக் கண்டால் சும்மா விடாது. சிக்கல் என்னவென்றால், அது கறையில் இருக்கும் சுண்ணாம்பு, வீட்டில் இருக்கும் சுண்ணாம்பு என்று பிரித்துப் பார்க்காது. மொசைக்கில் பதித்திருப்பது மார்பிள் சில்லு, மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான். டைல்ஸ் இடுக்குச் சிமென்ட்டிலும் சுண்ணாம்பு. கடப்பாக் கல் போட்ட அலமாரியோ திட்டோ இருந்தால் அதுவும் சுண்ணாம்புக் கல் வகை. எல்லாம் நுரைத்துக்கொண்டு கரையும். எலுமிச்சை உப்பும் மொசைக்கின் மேல் ஆகாது, மெதுவாகக் கெடுக்கும், அவ்வளவே. மார்பிள், மொசைக், கடப்பா மூன்றுக்கும் சோப்புத் தண்ணீரும் உடனடியாகத் துடைப்பதும்தான் வழி.

தரைக்கு மொசைக் பாலீஷ் போடும் ஆளைக் கூப்பிடுங்கள். இயந்திரத்தில் கல் மாட்டித் தேய்த்துத் திரும்ப மெருகேற்றித் தருவார். இடுக்குகளில் உதிரும் சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, எபாக்ஸி கிரௌட் அடைக்கச் சொல்லுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அமிலத்துக்கும் உப்புக்கும் சாதா சிமென்ட் கிரௌட்டைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

ஆசிட்டுக்கு வீட்டில் இடமே இல்லையா என்றால், டாய்லெட் கோப்பைக்குள் மட்டும் உண்டு. பீங்கான் பூச்சை அது ஒன்றும் செய்யாது. டாய்லெட் கிளீனர் பாட்டில்கள் பலவற்றில் இருப்பதும் இதே அமிலம்தான், நீர்த்த அளவில். கோப்பையில் தண்ணீர் மட்டத்தில் பழுப்பாக ஒரு வளையம் பிடித்திருக்கும் பாருங்கள், அதன் மேல் கிளீனரை ஊற்றினால் தண்ணீரில் கலந்து வீரியம் போய்விடும். முதலில் பிரஷால் தண்ணீரை உள்ளே தள்ளி மட்டத்தைக் குறைத்துவிட்டு, அப்புறம் வளையத்தின் மேல் விட்டு அரை மணி நேரம் விடுங்கள்.

இனி எழுதுவதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடக் கூடாது. பிளீச் திரவமும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. "இரண்டும் கறை எடுக்கும், சேர்த்துப் போட்டால் இன்னும் நன்றாக எடுக்கும்" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் என் கடைக்கே வருகிறார்கள். ஒரே பையில் இரண்டையும் வாங்கினால், கேட்காமல் கொடுத்தனுப்புவதில்லை.

கே: வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்தால் பொங்கி வந்து கறையைத் தூக்கி எறிந்துவிடும் என்று வீடியோவில் காட்டினார்கள். செய்து பார்த்தேன், பொங்கியது, கறை அப்படியே இருக்கிறது.
(வாசகி, நாமக்கல்)

ப: பொங்குவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அமிலமும் சோடாவும் ஒன்றையொன்று தின்று தீர்த்துக்கொள்கிற சத்தம் அது. கல்லைக் கரைக்க அமிலம் மிச்சம் இருக்காது. வினிகரைத் தனியாகப் பயன்படுத்துங்கள். ஆப்ப சோடாவை ஆப்பத்துக்கு வையுங்கள்.

ஒரு சோதனை மட்டும் சொல்கிறேன். கறையின் மேல் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். சின்னச் சின்னக் குமிழி வந்தால் அது கார்பனேட், கரைந்துவிடும். குமிழியே வராமல், வழுவழுவென்று சாம்பல் நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் சோப்புக் கசடு. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து உண்டாகும் பிசுக்கு அது. அதற்குப் பாத்திரம் தேய்க்கும் திரவமும் வெந்நீரும் போதும். இரண்டும் அடுக்கடுக்காக இருந்தால் முதலில் பிசுக்கை எடுத்துவிட்டு அமிலத்துக்குப் போங்கள். மேலே பிசுக்கு மூடியிருந்தால் அமிலம் உள்ளே இறங்காது.

கே: மாடி பாத்ரூம் ஷவரில் தண்ணீர் நூல் நூலாக வருகிறது, அதுவும் நாலா பக்கமும் பீய்ச்சுகிறது. பிரஷர் பம்ப் வைக்க வேண்டும் என்கிறார் பிளம்பர். வைக்கலாமா?
(வாசகர், ஈரோடு)

ப: பம்ப் நானும் விற்கிறேன். ஆனாலும் பொறுங்கள். முன்பு நன்றாக வந்து, போகப்போகக் குறைந்ததா? நாலா பக்கமும் பீய்ச்சுகிறது என்பதிலேயே பதில் இருக்கிறது. துளைகள் பாதி அடைத்துக்கொண்டால்தான் தண்ணீர் கோணலாகப் போகும்.

ஷவர் தலையைக் கழற்றி, எலுமிச்சை உப்புக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். கழற்ற வரவில்லை என்றால் ஒரு பாலித்தீன் பையில் கரைசலை ஊற்றி, தலை முங்கும்படி கட்டிவிடுங்கள். அப்புறம் துளைகளைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாலே போதும், இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் ரப்பர் முனைகள்தான். ஊசி விட்டுக் குத்த வேண்டாம். வாஷ் பேசின் குழாயின் வாயில் திருகி மாட்டிய சல்லடை இருக்கும், அதையும் கழற்றிப் பாருங்கள். ஹெல்த் பாசெட்டையும் விட்டுவிடாதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் நூலாகத்தான் வந்தால் ஆங்கிள் காக்கை, அதாவது குழாய்க்கு வரும் தண்ணீரை மூடித் திறக்கும் சின்ன வால்வை, திறந்து பார்க்கச் சொல்லுங்கள். துத்தநாகம் பூசிய பழைய இரும்பு பைப் (ஜி.ஐ.) என்றால் பைப்புக்குள்ளேயே துருவும் உப்பும் சேர்ந்து வாய் சுருங்கியிருக்கலாம். அப்போது பம்ப் வைத்தும் பயனில்லை, பைப் மாற்ற வேண்டியதுதான்.

கே: கீசர் போட்டால் உள்ளே கடகடவென்று சத்தம் வருகிறது. தண்ணீர் சூடாகவும் முன்னைவிட நேரமாகிறது. வெடித்துவிடுமோ என்று என் அம்மா குளிக்கவே பயப்படுகிறார்.
(வாசகி, திண்டுக்கல்)

ப: அம்மாவின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. கால்சியம் கார்பனேட்டுக்கு ஒரு விசித்திர குணம். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், இதுவோ தண்ணீர் சூடாக ஆகப் பிரிந்து வரும். கீசருக்குள் மிகச் சூடான இடம் ஹீட்டிங் காயில், ஆகவே கல் அங்கேதான் போர்வை போர்த்திக்கொள்கிறது. அந்தப் போர்வைக்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதித்து வெடிப்பதுதான் நீங்கள் கேட்கும் சத்தம். சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்குவதால் மின்சாரக் கட்டணம் ஏறும், ஒருநாள் காயில் எரிந்து போகும்.

சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு மூன்று காரியம் கேளுங்கள். காயிலை வெளியே எடுத்து எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊற வைத்துச் சுத்தம் செய்வது, தொட்டியின் அடியில் சேர்ந்திருக்கும் சுண்ணாம்புச் சில்லுகளை வழித்து எடுப்பது, ஆனோடு ராடைப் பார்ப்பது. ஆனோடு என்பது மெக்னீசியக் கம்பி. தொட்டியை அரிக்க வேண்டியதைத் தான் வாங்கிக்கொண்டு தேய்ந்து போவதுதான் அதன் வேலை. தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். தொட்டிக்குள் ஆசிட் ஊற்றிக் கழுவுகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அம்மாவின் பயத்துக்கு மருந்து, உள்ளே அழுத்தம் மீறினால் தானே திறக்கும் சேஃப்டி வால்வு. அதிலும் உப்பு படிந்து திறக்காமல் இறுகிப் போவதுண்டு. சர்வீஸின்போது அது வேலை செய்கிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள், காட்டினால்தான் பணம். சூட்டை 55 டிகிரிக்கு வையுங்கள். 70, 75 என்று வைத்து, பிறகு பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பது கல்லை நாமே வரவழைப்பது. போர் தண்ணீர் வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறை இந்த வேலை இருக்கத்தான் செய்யும்.

கே: எங்கள் வீட்டில் கறை வெள்ளையாக இல்லை, செம்மஞ்சளாக இருக்கிறது. எலுமிச்சை உப்பு போட்டும் முழுதாகப் போகவில்லை. பிளீச்சிங் பவுடர் போட்டேன், இன்னும் கெட்டியானது போல் தெரிகிறது.
(வாசகர், பண்ருட்டி)

ப: உங்கள் தண்ணீரில் இரும்பு. போரிலிருந்து வரும்போது தெளிவாக இருக்கும், காற்று பட்டதும் துருவாக மாறும். பிளீச்சிங் பவுடர் அந்தத் துருவேறும் வேலைக்குத் துணை போகும், அதனால்தான் கெட்டியானது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஆக்சாலிக் ஆசிட் பொடி, துருவுக்கென்றே அமைந்தது. 1 லிட்டரில் இரண்டு தேக்கரண்டி கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு தடவி, 15 நிமிடத்தில் நன்றாகக் கழுவிவிடுங்கள். விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பிளீச் போட்ட இடத்தை முதலில் சுத்தமாகக் கழுவிவிட்டு, வேறொரு நாள் இதைச் செய்யுங்கள். நிரந்தரமாகத் தடுக்க மேல்தொட்டிக்கு முன்னால் இரும்பு நீக்கும் வடிகட்டி வேண்டும். தண்ணீரிலிருந்து கால்சியத்தைப் பிடிக்கும் சாதா சாப்ட்னர் கருவி மட்டும் போட்டால், துரு அதற்குள் இருக்கும் ரெசின் மணிகளில் ஏறி அவற்றைப் பாழாக்கிவிடும்.

கே: நிறையச் செலவு செய்து வாட்டர் சாப்ட்னர் போட்டோம். டிடிஎஸ் மீட்டரில் முன்பு 900, இப்போதும் 900. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
(வாசகர், வேளச்சேரி)

ப: இந்த ஒரு கேள்விக்காகவே கடைக்காரர்கள் பலர் திட்டு வாங்குகிறார்கள். டிடிஎஸ் மீட்டர் காட்டுவது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றின் மொத்தக் கணக்கு. சாப்ட்னர் எதையும் குறைப்பதில்லை, ஆள் மாற்றுகிறது. அதற்குள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. சோடியம் குழாயில் கல்லாகப் படியாது. மொத்தம் அதே 900 இருப்பதுதான் சரி.

நீங்கள் அளக்க வேண்டியது கடினத்தன்மையை, அதாவது கல்லாகப் படியும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவை. அதற்குச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் கிட் விற்கிறது. சிவப்பு நிறம் நீலமாக எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ண வேண்டும். சாப்ட்னருக்கு முன்னால் ஒரு கிண்ணம், பின்னால் ஒரு கிண்ணம் பிடித்துச் செய்யுங்கள். பின்னால் பிடித்தது ஓரிரு சொட்டிலேயே நீலமானால் விற்றவர் நல்லவர். எண்ணிக்கை துல்லியமாக வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரம் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது. வேறு தண்ணீரே கிடையாதென்றால் 600 வரை அனுமதி.

வாங்கப் போகிறவர்களுக்காகக் கணக்கையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். 400 கடினத்தன்மை உள்ள தண்ணீர் 1000 லிட்டரில் 400 கிராம் கல் கரைந்திருக்கிறது என்று அர்த்தம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு, ஆளுக்கு 135 லிட்டர் என்ற அரசாங்கக் கணக்கில், நாளைக்கு 540 லிட்டர். அதாவது நாளொன்றுக்கு 216 கிராம். 1 லிட்டர் ரெசின் உத்தேசமாக 50 கிராம் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் இருந்தால் ஐந்து, ஆறு நாளுக்கு ஒருமுறை உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். இதே வீட்டுக்கு 5 லிட்டர் ரெசின் உள்ள குட்டி உருளையைக் கொடுத்தால் தினமும் கழுவ வேண்டியிருக்கும், பத்து நாளில் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள், பிறகு "சாப்ட்னர் வேஸ்ட்" என்பார்கள். லிட்டர் கணக்கைக் கேட்டு வாங்குங்கள், உருளையின் உயரத்தைப் பார்க்காதீர்கள்.

குடிக்கும் குழாயை சாப்ட்னர் லைனில் சேர்க்காதீர்கள். 400 கடினத்தன்மையை நீக்கினால் லிட்டருக்கு 184 மில்லிகிராம் சோடியம் கூடுகிறது. ரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. சாப்ட்னருக்குப் பின்னால் ஆர்.ஓ. இருந்தால் அது பெரும்பகுதியை எடுத்துவிடும்.

கே: பைப்பின் மேல் காந்தம் கட்டினால் உப்பு படியாதாமே?
(வாசகர், சேலம்)

ப: கட்டுவதற்கு முன்னும் பின்னும் அதே சொட்டு கிட்டில் அளந்து பாருங்கள். கால்சியம் எங்கேயும் போயிருக்காது. என் கடையில் அதை விற்பதில்லை. தேற்றான் கொட்டை, படிகாரம் பற்றியும் இருவர் கேட்டிருக்கிறார்கள். அவை கலங்கிய தண்ணீரைத் தெளிய வைப்பவை. உப்புத் தண்ணீர் ஏற்கெனவே தெளிவாகத்தான் இருக்கிறது.

கே: ஹாஸ்டலில் இருக்கிறேன். சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது, முடி நார் மாதிரி ஆகிவிட்டது. பக்கெட், மக் எல்லாம் வெள்ளை. இங்கே சாப்ட்னரெல்லாம் கேட்க முடியாது, ஆன்ட்டி.
(மாணவி, பெருந்துறை)

ப: கேட்க வேண்டாம் கண்ணு. கட்டி சோப்புக்குப் பதிலாக பாடி வாஷ் வாங்கிக்கொள். அதில் பெரும்பாலும் இருப்பது சோப்பு இல்லாத நுரைப்பொருள், கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகாது. தலைக்குக் குளித்த பிறகு கடைசி ஒரு மக்கு மட்டும் குடிநீர் பிடித்து வந்து அலசு. முடி கொட்டினால் தண்ணீரை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரைப் பார். பக்கெட்டும் மக்கும் பிளாஸ்டிக் என்பதால் எலுமிச்சை உப்புக் கரைசலில் ராத்திரி முழுக்க ஊறலாம். கெட்டிலில் பாதித் தண்ணீரும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பும் போட்டுக் கொதிக்க வைத்து, அரை மணி கழித்துக் கொட்டி, இரண்டு தடவை வெறும் தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றிவிடு. ஹீட்டர் ராடு என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காயில் பகுதியை மட்டும் கரைசலில் ஊற வை. சுவிட்ச் போட்டுக் கொதிக்க வைக்காதே.

கே: அடுத்த மாதம் பாத்ரூம் வேலை ஆரம்பிக்கிறோம். உப்புத் தண்ணீர் ஊர்தான். ஆரம்பத்திலேயே கவனிக்க வேண்டியது என்ன?
(வாசகி, பல்லடம்)

ப: கண்ணாடித் தடுப்பு வேண்டாம், திரை போதும். தினமும் துடைக்காத கண்ணாடியில் உப்பு மாதக்கணக்கில் நின்றால் கண்ணாடியே மங்கிவிடும், அதை எந்த அமிலமும் சரிசெய்யாது. கறுப்பு டைல்ஸ், கறுப்புக் குழாய் இரண்டும் படத்தில் மட்டும் அழகு. வெளிர் சாம்பல், சந்தன நிறங்கள் மன்னிக்கும் குணமுள்ளவை. மேட் ஃபினிஷ் தரைக்குச் சரி, சுவருக்கு வழவழப்பானது போதும். தரைக்கு நல்ல வாட்டம் கொடுக்கச் சொல்லி, மேஸ்திரி கிளம்பும் முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தேங்குகிற மூலையில்தான் கறை தொடங்கும். எபாக்ஸி கிரௌட் என்று மேலே சொன்னேன், அதை இப்போதே போடுங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் தனி ஆங்கிள் காக் வையுங்கள், சுத்தம் செய்ய மேல்தொட்டியை மூட வேண்டியிருக்காது. சாப்ட்னர் பின்னால் வாங்குவதாக இருந்தாலும், சமையலறைக் குடிநீருக்கும் தோட்டத்துக்கும் தனி லைனை இப்போதே இழுத்துவிடுங்கள்.

மழைநீர் சேகரிப்பு இருக்கிறதா? 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம்தான், ஆனால் பல வீடுகளில் பைப் மண்ணுக்குள் எங்கோ போய் நிற்கிறது. மொட்டை மாடித் தண்ணீரை வடிகட்டித் தனித் தொட்டியில் சேர்த்தால் கீசருக்கும் ஷவருக்கும் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. மழையில் கல் கரைந்திருக்காது.

கே: சாப்ட்னர் கழுவிய உப்புத் தண்ணீரை வீணாக்காமல் தென்னை மரத்துக்கு விடலாமா? தென்னைக்கு உப்பு போடுவார்களே!
(வாசகர், பொள்ளாச்சி)

ப: தென்னைக்குக் கொஞ்சம் உப்பு தாங்கும். வாராவாரம் கிலோக் கணக்கில் ஒரே இடத்தில் ஊற்றினால் மரம் தப்பித்தாலும் மண் இறுகிவிடும், பக்கத்தில் வாழை இருந்தால் முதலில் அது போகும். கிணற்றுக்கோ போருக்கோ பக்கத்திலும் விடக்கூடாது, இறக்கியதைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் அதில் விடுங்கள். இல்லையென்றால் அந்தத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்து, கார் நிறுத்தும் இடத்துச் சிமென்ட் தரையைக் கழுவிக்கொள்ளலாம், ஆனால் அங்கிருந்து வடிவது தோட்டத்துப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.